கடுதாசி கேட்காத விசுவாசம்: மலையகச் சபைகளும் ஆவியின் வரங்களும்

இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பெந்தெகொஸ்தே கூட்டமொன்றில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குச் ‘சாட்சி நேரம்’ தெரிந்திருக்கும். பாட்டு ஓய்ந்ததும் போதகர் ஒதுங்கி நிற்பார். ஒருவர் பின் ஒருவராக எழுந்து, அந்த வாரம் கர்த்தர் தமக்குச் செய்ததைச் சொல்வார்கள். வயிற்றுவலி நின்றது. கொழும்புக்கு வேலைக்குப் போன மகன் கோல் எடுத்தான். குடித்துக்கொண்டிருந்த புருஷன் மூன்று மாதமாகத் தொடவில்லை. அடகில் கிடந்த தோடு மீண்டது. ஒவ்வொன்றுக்கும் சபை ‘ஸ்தோத்திரம்’ சொல்லும். அதே பாயில் எழுந்திருக்காதவர்களும் இருப்பார்கள். வயிற்றுவலி நிற்காதவர்கள், மகனிடமிருந்து தகவல் வராதவர்கள். அவர்களுக்கென்று கூட்டத்தில் நேரம் ஒதுக்கப்படுவதில்லை.

சுகமளித்தல், அந்நியபாஷை, தீர்க்கதரிசனம் போன்ற ஆவியின் வரங்களைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை பெரும்பாலும் வரம் பெற்றவரின் பக்கம் நின்று எழுதப்பட்டவை. மறுப்பு நூல்களோ வெளியே நின்று எழுதப்பட்டவை. பாயில் உட்கார்ந்தே இருப்பவரின் இடத்திலிருந்து இந்த வரலாற்றைப் பார்த்தால் என்ன தெரிகிறது என்பதே என் அக்கறை. அற்புதம் நடக்காத வீட்டில் விசுவாசம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது?

இந்தக் கேள்விக்கு மலையகத்தைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. அற்புதத்தை விசுவாசத்தின் ஆதாரமாகக் கேட்பது ஒருபுறமிருக்க, ஆதாரம் காட்டச் சொல்லும் குரல் இங்கே கோயிலிலிருந்து வரவில்லை, அரசாங்கக் கச்சேரியிலிருந்து வந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பன் இந்த நாட்டில் பிறந்ததைக் காட்டு, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததைக் காட்டு என்றது. லயத்தில் பிறந்து லயத்தில் செத்த பாட்டனுக்குப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கும்? அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் தொடர்ந்து குடியிருந்ததற்கு ஆதாரம் கேட்டது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக மனுக்கள் போயின. பிரஜாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. 1964இல் இந்திய, இலங்கை அரசுகள் இந்தத் தோட்டச் சனத்தை எண்ணிக்கை போட்டுப் பிரித்துக்கொண்டன: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். எஞ்சியிருந்தவர்களின் நாடற்ற நிலைக்குச் சட்டப்படி முடிவு வந்தது 2003இல்தான்.

அன்றாட வாழ்விலும் இதே கதை. பேர் பதியாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். வியாதி என்று சொன்னால் போதாது, வைத்தியத் துண்டு வேண்டும். தான் யார், எங்கே பிறந்தேன், இன்றைக்கு உழைத்தேனா, உண்மையில் நோயாளிதானா என்று ஒவ்வொன்றுக்கும் இன்னொருவருடைய கையெழுத்தை எதிர்பார்த்து நின்ற மக்கள் இவர்கள். கடவுளும் அத்தாட்சி கேட்கிறார் என்று இவர்களிடம் யாராவது பிரசங்கித்தால், அது வெறும் உபதேசமாகக் காதில் விழாது. பழைய காயத்தின் மேல் விழும்.

கிறிஸ்தவம் இந்த மலைகளுக்கு வந்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கோப்பிக் காலத்தில், 1854இல், தோட்டத் துரைமார் சிலரின் வேண்டுகோளை ஏற்று சர்ச் மிஷனரி சங்கம் (சி.எம்.எஸ்.) ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்ற அமைப்பைத் தொடங்கியது. திருநெல்வேலியில் ஊழியம் செய்துகொண்டிருந்த செப்டிமஸ் ஹாப்ஸ் அதற்குத் தலைமையேற்று வந்தார். உபதேசியார்மாரும் திருநெல்வேலியிலிருந்தே வந்தார்கள். உபதேசியார்களின் சம்பளத்துக்குத் துரைமார் பணம் கொடுத்தார்கள். பெயரே சங்கடமானது, பிற்காலத்தில் அதைத் தமிழ்த் திருச்சபை மிஷன் என்று மாற்றிக்கொண்டார்கள். நல்ல மனிதர்கள் பலர் அதில் உழைத்தார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிடுகிறவரின் காசில் வேதம் சொல்லப்படும்போது, கேட்கிறவன் எதை நம்பினான், எதற்குத் தலையாட்டினான் என்று பிரித்தறிவது லேசல்ல.

அதே காலத்தில், அதே திருநெல்வேலிச் சீமையில், வேறொரு காரியம் நடந்துகொண்டிருந்தது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தமிழ்க் கிறிஸ்தவர்களே மறந்துவிட்ட கதை அது.

ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் 1810இல் பிறந்தவர். பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியஸ் ஐயரிடம் படித்தவர். 1833இல் அவர் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்ற ஆங்கிலேயரைச் சந்தித்தார். குரோவ்ஸ் இங்கிலாந்தின் எக்ஸெட்டர் நகரில் பல் வைத்தியராக நன்றாகச் சம்பாதித்தவர். எல்லாவற்றையும் விட்டுவிட்டு, எந்தச் சங்கத்தின் சம்பளமும் வாங்காமல் ஊழியத்துக்குப் புறப்பட்டவர். பிரிஸ்டல் நகரில் யாரிடமும் காசு கேட்காமல் அநாதைப் பிள்ளைகளை வளர்த்த ஜார்ஜ் முல்லர் அவருடைய தங்கை கணவர். தேவையை மனிதரிடம் சொல்லாமல் கடவுளிடம் மட்டும் சொல்வது என்ற கொள்கை இப்படித் தமிழ்நாட்டுக்கு வந்தது. அருளப்பன் அதை எடுத்துக்கொண்டார். சம்பளம் தருகிறோம் என்று வந்தவர்களிடம் வேண்டாம் என்றார். 1840வாக்கில், திருவில்லிபுத்தூருக்கு அருகே மேற்கு மலையடிவாரத்தில், கிறிஸ்தியான்பேட்டை என்ற ஊரை உண்டாக்கினார்.

வெள்ளைக்கார மிஷனின் மாதச் சம்பளமே ஓர் உபதேசியாரின் மரியாதையாக இருந்த காலம் அது. அப்போது ஒரு தமிழர் அதை மறுத்தது வெறும் பக்திச் செயல் என்று நான் நினைக்கவில்லை. யாருக்குக் கணக்குக் காட்டுவது என்ற கேள்விக்கு அவர் கொடுத்த பதில் அது.

1860 மார்ச்சில் கிறிஸ்தியான்பேட்டையிலும் சுற்றுவட்டாரத்திலும் எழுப்புதல் தொடங்கியது. 1857, 58இல் அமெரிக்காவிலும் 1859இல் வட அயர்லாந்திலும் நடந்த எழுப்புதல்களின் செய்தி அதற்கு முன்பே இங்கே எட்டியிருந்தது. சனங்கள் தரையில் விழுந்தார்கள், அழுதார்கள், தரிசனம் கண்டார்கள். சிலர் தாம் கற்றறியாத அந்நியபாஷை பேசினார்கள், சிலர் அதற்கு அர்த்தம் சொன்னார்கள், தீர்க்கதரிசனம் உரைத்தார்கள். பெண்களும் பேசினார்கள். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸ் நகரில், அசூசா தெருவில், 1906இல் நடந்ததைப் பெந்தெகொஸ்தே இயக்கத்தின் பிறப்பு என்று உலகம் எழுதிவைத்திருக்கிறது. அதற்கு 46 ஆண்டுகளுக்கு முன்னால், வெளிநாட்டு மிஷனரி ஒருவர்கூடத் தலைமை தாங்காமல், தமிழ்க் கிராமமொன்றில் இது நடந்தது. வட திருநெல்வேலியில் இருந்த சி.எம்.எஸ். மிஷனரிகளில் சிலர் முகம் சுளித்தார்கள், சிலர் கவனமாகப் பார்த்து எழுதினார்கள். அருளப்பனின் நாட்குறிப்புகளை வைத்து ஜி.எச். லாங் 1939இல் வெளியிட்ட நூல்தான் இன்றைக்கும் ஆய்வாளர்கள் கையிலெடுக்கும் முதல் ஆவணம்.

அந்த எழுப்புதலில் என்னை நிறுத்துவது அந்நியபாஷை அல்ல. அதைச் சுற்றியிருந்தவர்கள் எதைக் கவனித்தார்கள் என்பதே. பழைய பகை தீர்ந்ததா, திருடியதைத் திருப்பிக் கொடுத்தார்களா, காசு வாங்காமல் ஊர் ஊராகப் போய்ச் சுவிசேஷம் சொன்னார்களா என்று பார்த்தார்கள். பாஷை பேசியவர் மேல், பேசாதவர் கீழ் என்ற வரிசை அங்கே கொள்கையாகப் பிறக்கவில்லை. அருளப்பன் 1867இல் காலமானார்.

வரம் தடம்மாறிப் போகவும் கூடும் என்பதற்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 1873இல் திருவிதாங்கூரில் மூண்ட எழுப்புதலில் முன்னணியில் நின்றவர் ஜஸ்டஸ் ஜோசப். வித்வான் குட்டி என்று ஊர் அழைத்த இவர், தமிழ்ப் பிராமணக் குடும்பத்திலிருந்து மதம் மாறியவர். இவரும் இவரைச் சேர்ந்தவர்களும் கிறிஸ்து 1881இல் திரும்பி வருவார் என்று தீர்க்கதரிசனத்தின் பேரில் அறிவித்தார்கள். யுயோமயம் என்று தனிச் சபையே உண்டானது. 1881 வந்தது, போனது. தேதி குறித்துக் கொடுத்த விசுவாசத்துக்கு என்ன நேருமோ அது நேர்ந்தது: பலர் பழைய சபைகளுக்கே திரும்பினார்கள்.

பெந்தெகொஸ்தே உபதேசத்தில் அத்தாட்சி என்ற கருத்து அழுத்தமாக இடம்பிடித்தது 1901க்குப் பிறகு. அமெரிக்காவின் டொபீகா ஊரில் வேதப் பள்ளி நடத்திய சார்ல்ஸ் பர்ஹாம், ஆவியின் அபிஷேகத்துக்கு அந்நியபாஷையே வேதம் காட்டும் அடையாளம் என்று போதித்தார். அவரும் அவருக்குப் பின் வந்த சிலரும் இன்னொன்றையும் நம்பினார்கள்: பேசப்படுவது உலகத்தில் எங்கோ வழங்கும் உண்மையான மொழி, ஆகவே மிஷனரிகள் இனி மொழி படிக்க வேண்டியதில்லை. அசூசா தெருவிலிருந்து புறப்பட்ட ஏ.ஜி. கார் தம்பதியர் அந்த நம்பிக்கையோடு 1907 தொடக்கத்தில் கல்கத்தாவில் வந்திறங்கினார்கள். வங்காளிகளுக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. கார் உடனே ஊருக்குத் திரும்பவில்லை. ஆசியாவில் தங்கி ஊழியம் செய்தார், பின்னால் ஹொங்கொங்கில் மொழி கற்றுக்கொண்டார். அந்நியபாஷை என்பது பிரசங்கத்துக்கான கருவி இல்லை, துதிக்கும் ஜெபத்துக்குமானது என்று தம் விளக்கத்தையும் மாற்றிக்கொண்டார். பெந்தெகொஸ்தே வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த தோல்வி இது. அத்தாட்சி என்று கையில் கொண்டுவந்தது பொய்த்தபின்பும் அந்த மனிதருக்குள் ஏதோ ஒன்று பொய்க்காமல் இருந்திருக்கிறது.

இந்தியாவிலேயே மாற்றுக் குரலும் இருந்தது. 1905இல் புனேக்கு அருகே கேட்காவ் என்ற இடத்தில் பண்டித ரமாபாயின் முக்தி மிஷனில் எழுப்புதல் நடந்தது. அங்கே விதவைகளும் அநாதைச் சிறுமிகளும் பாஷை பேசினார்கள். ஆனால் ரமாபாயோடு பணிசெய்த மின்னி ஏப்ரகாம்ஸ், பாஷை பேசாதவர் அபிஷேகம் பெறாதவர் என்ற விதியைக் கடைசிவரை ஏற்கவில்லை. டொபீகாவின் விதி உலகெங்கும் பரவியது. முக்தியின் நிதானம் புத்தகங்களில் தங்கிவிட்டது. லிந்துலைக்கும் வந்து சேர்ந்தது டொபீகாதான்.

இலங்கையில் பெந்தெகொஸ்தே இயக்கம் 1920களில் வேர்பிடித்தது. டென்மார்க்கில் நடிகையாக இருந்து மிஷனரியான அன்னா லெவினி கொழும்பில் ஊழியம் செய்தார். சுகமளிக்கும் கூட்டங்களுக்குப் பேர்போன ஸ்மித் விகிள்ஸ்வொர்த் வந்துபோனார். அசெம்பிளிஸ் ஒப் கோட் சபை வளர்ந்தது. நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன். கேரளத்தில் இந்துக் குடும்பமொன்றில் பிறந்து, சிறுவயதிலேயே வீட்டு வேலையாளாகக் கொழும்புக்கு வந்த ராமன்குட்டி, பாஸ்டர் பால் ஆனார். சிங்களவரான ஆல்வின் டி அல்விஸும் அவரும் சேர்ந்து 1920களின் நடுவில் இந்த இயக்கத்தைக் கட்டினார்கள். கடல்கடந்து தமிழ்நாட்டுக்கும் போன அது, இன்று சென்னை தாம்பரத்துக்குப் பக்கத்து இரும்புலியூரைத் தலைமையிடமாகக் கொண்ட தி பெந்தெகொஸ்தே மிஷன். பொதுவாக மேற்கிலிருந்து கிழக்குக்கு வரும் இயக்கங்களின் நடுவே, வேலைக்காரராக வந்த ஒருவர் கொழும்பில் சேர்ந்து தொடங்கி, பின்னால் உலகெங்கும் போனது இது.

அதன் ஊழியர்கள் மணம் செய்வதில்லை. வெள்ளை உடுத்துகிறார்கள். பெய்த் ஹோம் என்னும் வீட்டில் கூடி வாழ்கிறார்கள். சம்பளம் இல்லை, காணிக்கை கேட்பதும் இல்லை. இதுவரை அருளப்பனின் வழிதான். ஆனால் அவர்கள் மருந்தும் எடுப்பதில்லை. தெய்வீக சுகம் அவர்களுடைய அடிப்படை உபதேசங்களில் ஒன்று. சோற்றுக்குக் கடவுளை நம்புவதும் காய்ச்சலுக்குக் கடவுளை நம்புவதும் ஒன்றுதானே என்று அவர்கள் கேட்பார்கள். பதில் சொல்லச் சிரமமான கேள்வி. என் பதில் இது: தன் சோற்றையும் தன் காய்ச்சலையும் ஒருவர் கடவுளிடம் ஒப்படைத்தால் அது அவருடைய துறவு. அதே விதியை இன்னொருவரின் குழந்தைக்குப் போட்டால் அது துறவு ஆகாது.

ஆவியின் வரம் மலையகத்துக்கு அந்நியச் சரக்காக வந்திறங்கியது என்று நினைப்பவர்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவைப் பார்த்ததில்லை. அருள் வருவது, குறி சொல்வது, பேயோட்டுவது, நேர்த்தி வைப்பது எல்லாம் இங்கே ஏற்கெனவே புழங்கியவை. தென்னிந்தியப் பெந்தெகொஸ்தே இயக்கத்தை ஆராய்ந்த ஜெர்மானியர் மிகையேல் பெர்குண்டர், நோய் தீர்த்தலும் பேயோட்டுதலும் மக்கள் சமயத்தோடு கொள்ளும் உறவை விரிவாக எழுதியிருக்கிறார். லயத்தில் ஒரு பெண்ணின் மேல் ஆவி இறங்கிப் பேசினால் கேட்பவர்களுக்கு அது புதினம் இல்லை. ஒரே ஒரு இடத்தில் வித்தியாசம் இருக்கிறது, அது பெரிய வித்தியாசம். சாமியாடி சொன்ன குறி பலிக்காவிட்டால் போனவர் அடுத்த கோயிலுக்குப் போவார்; அவருடைய பக்தியை யாரும் எடைபோட மாட்டார்கள். சபையில் சுகம் வராவிட்டால், பல இடங்களில், ‘விசுவாசம் காணாது’ என்ற சொல் வருகிறது. தராசு நோயாளியின் பக்கம் திரும்பிவிடுகிறது. பகலில் கொழுந்துக்கூடையை நிறுத்துப் பார்த்துக் காணாது என்றார்கள், ராத்திரியில் விசுவாசத்தை நிறுத்துப் பார்த்துக் காணாது என்கிறார்கள்.

லிந்துலையிலிருந்து கொஞ்ச தூரத்தில், தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில், தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் இருக்கிறது. 1925இல் தொடங்கப்பட்ட அமைப்பு. பாத்தி பிரித்து, ஒரு பாத்திக்கு உரம் போட்டு மறு பாத்தியை அப்படியே விட்டு, விளைச்சலை நிறுத்துப் பார்க்காமல் அங்கே எதையும் ஏற்பதில்லை. ஜெபத்தையும் இப்படிச் சோதித்தால் என்ன என்று கேட்டவர்கள் உண்டு, செய்தவர்களும் உண்டு. இருதய அறுவைச் சிகிச்சைக்கு வந்த 1,802 நோயாளிகளை வைத்து அமெரிக்காவில் ஆறு வைத்தியசாலைகளில் நடந்த ஆய்வை ஹெர்பர்ட் பென்சன் குழுவினர் 2006இல் வெளியிட்டார்கள். தமக்காக ஜெபிக்கப்படுகிறதா என்று தெரியாதவர்களில், ஜெபிக்கப்பட்டவர்களுக்கு 52 சதவீதமும் ஜெபிக்கப்படாதவர்களுக்கு 51 சதவீதமும் சிகிச்சைக்குப் பின்னான சிக்கல்கள் வந்தன. நிச்சயமாக உங்களுக்காக ஜெபிக்கிறோம் என்று சொல்லப்பட்டவர்களுக்கோ 59 சதவீதம். இதற்கு மறுதலையாகக் காட்டப்படுவது 2010இல் வந்த மொசாம்பிக் ஆய்வு. கை வைத்து ஜெபித்தபின் 24 பேரின் செவித்திறனிலும் பார்வையிலும் முன்னேற்றம் தெரிந்தது என்றது அது. ஒப்பிட்டுப் பார்க்க மறு குழு அதில் கிடையாது.

விசுவாசிகள் இரண்டாவது ஆய்வைத் துண்டுப் பிரசுரத்தில் போடுகிறார்கள், முதலாவதைப் பேசுவதில்லை. இது நேர்மையில்லை. எண்கள் நம் பக்கம் வரும்போது மட்டும் கடவுளுக்குச் சாட்சியாவதில்லை. நாத்திகர்களின் வெற்றிக் கூச்சலும் எனக்கு ஒப்பவில்லை. நோயாளியின் முகம் தெரியாதவர், பட்டியலில் இருந்த முதற்பெயரை வைத்துக்கொண்டு, எழுதிக்கொடுத்த வாசகத்தைச் சொல்லிச் செய்த ஜெபமே அமெரிக்க ஆய்வில் சோதிக்கப்பட்டது. அடுத்த காம்பராவில் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்காகக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு மண்டியிடுகிற கிழவியின் ஜெபத்தைப் பற்றி அந்த ஆய்வு எதையும் அளக்கவில்லை.

அந்நியபாஷைக்கும் இதே கதைதான். மொழியியலாளர் வில்லியம் சமரின் 1972இல் வெளியிட்ட நூலில், ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து, இது மொழி ஆகாது, பேசுபவரின் தாய்மொழி ஒலிகளே மாறி மாறி அடுக்கப்படுகின்றன என்று முடிவு சொன்னார். 2006இல் அன்ட்ரூ நியூபர்க் ஐந்து பெண்களின் மூளையைப் படமெடுத்து, பாஷை பேசும்போது அதன் முன்மடல்களின் இயக்கம் குறைவதைக் காட்டினார்; தாமே திட்டமிட்டுப் பேசவில்லை என்று அவர்கள் சொல்வதோடு அது ஒத்துப்போகிறது. இரண்டும் சேர்ந்து சொல்வது இவ்வளவுதான்: அந்தப் பெண்கள் நடிக்கவில்லை, அதே நேரத்தில் அவர்கள் பேசியது சீனமோ அரபியோ இல்லை. கடவுள் அங்கே இருந்தாரா என்ற கேள்வியை எந்தக் கருவியும் தொடவில்லை.

கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தைப் பொறுமையாகப் படிப்பவர்களுக்கு இது அதிர்ச்சி தராது. 12ஆம் அதிகாரம் ஒன்பது வரங்களைப் பட்டியலிட்டுவிட்டு, எல்லாருக்கும் எல்லா வரமும் இல்லை என்று கேள்வி வடிவில் முடிக்கிறது. 13ஆம் அதிகாரம் அன்பில்லாத பாஷையை வெறும் சத்தம் என்று தள்ளுகிறது. 14ஆம் அதிகாரம் தீர்க்கதரிசிகள் இரண்டு மூன்று பேர் பேசட்டும், மற்றவர்கள் நிதானித்துப் பார்க்கட்டும் என்று ஒழுங்கு வைக்கிறது. கவனியுங்கள்: பேசியவரையும் பேச்சையும்தான் சபை சோதிக்க வேண்டும். கேட்டவரின் விசுவாசத்தை நிறுத்துப் பார்க்கும் அதிகாரம் அங்கே யாருக்கும் கொடுக்கப்படவில்லை. நம் கூட்டங்களில் இது தலைகீழாகிவிட்டது. தீர்க்கதரிசி கேள்விக்கு அப்பாற்பட்டவர், நோயாளி விசாரணைக்கு உட்பட்டவர்.

சுகம் கிடைக்காதவர்களுக்கும் வேதத்தில் இடம் தாராளமாக இருக்கிறது. பவுல் தம் மாம்சத்திலிருந்த முள்ளுக்காக மூன்று முறை வேண்டிக்கொண்டார், எடுபடவில்லை. துரோப்பீமுவை நோயாளியாகவே மிலேத்துவில் விட்டுவந்தார். தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்கு அவர் எழுதியது உபவாச ஜெபம் அல்ல, கொஞ்சம் திராட்சரசம். எபிரெயர் 11ஆம் அதிகாரத்தின் பெரும்பகுதி பிரசங்க மேடைகளில் நன்றாகப் புழங்குகிறது: சிங்கத்தின் வாயை அடைத்தார்கள், அக்கினியை அவித்தார்கள். கடைசி வசனங்களில், அதே விசுவாசத்தோடு அடிபட்டு, அறுப்புண்டு, வாக்குப் பண்ணப்பட்டதை அடையாமலேயே செத்தவர்கள் வருகிறார்கள். அதைப் பிரசங்கிப்பவர்கள் குறைவு. பாபிலோன் சூளையின் முன்னால் நின்ற மூன்று வாலிபரும், கடவுளால் தப்புவிக்க முடியும் என்று சொன்ன கையோடு, அவர் தப்புவிக்காவிட்டாலும் உன் சிலையை வணங்கமாட்டோம் என்றும் ராஜாவிடம் சொன்னார்கள். ஆதாரம் தேவைப்படாத விசுவாசத்துக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது. காயத்தில் விரலை வைத்துப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்ற தோமாவையும் இயேசு விரட்டவில்லை. காட்டினார், காணாமல் விசுவாசிக்கிறவர்களையே பாக்கியவான்கள் என்றார். அந்தச் சந்தேகக்காரரின் பெயரையே சென்னையில் புனித தோமையார் மலையும் சாந்தோமும் சுமந்துகொண்டிருக்கின்றன.

தமிழுலகில் சுகமளிக்கும் ஊழியத்தின் பெரிய முகமாக இருந்தவர் டி.ஜி.எஸ். தினகரன் (1935–2008). லட்சக்கணக்கானோருக்காக ஜெபித்த அவருடைய மகள் 1986இல் வாகன விபத்தில் இறந்துபோனார். தினகரன் ஊழியத்தை விடவில்லை. அவருடைய கூட்டங்களில் நடந்ததாகச் சொல்லப்பட்ட அற்புதங்களைப் பற்றி எவருக்கும் எந்தக் கருத்தும் இருக்கலாம். மகளை அடக்கம் செய்துவிட்டு வந்து மறுபடி மேடையேறியதை விசுவாசம் என்று சொல்லாமல் வேறெப்படிச் சொல்வது?

வரம் என்ற சொல்லையே அதிகம் உச்சரிக்காமல் இந்த மலைகளில் உழைத்த கிறிஸ்தவர்களையும் இங்கே சேர்க்க வேண்டும். இயேசு சபைத் துறவி பால் கஸ்பெர்ஸ் 1972இல் கண்டியில் சத்யோதய நிலையத்தைத் தொடங்கி, தோட்ட மக்களின் பிரஜாவுரிமைக்காகவும் கூலிக்காகவும் 2017இல் இறக்கும்வரை எழுதியும் பேசியும் வந்தார். சிங்களவரும் தமிழரும் ஒன்றாக உட்காரும் இடமாக அதை வைத்திருந்தார். கடவுளிடம் கடுதாசி கேட்காதவர், மக்களுக்குக் கடுதாசி கிடைக்க வேண்டும் என்று அரசாங்கத்திடம் கேட்டார். ஆவியின் கனி என்று பவுல் கலாத்தியருக்கு எழுதிய பட்டியலில் நீடிய பொறுமையும் உண்டு.

2012 குடிசன மதிப்பீட்டின்படி, கத்தோலிக்கர் அல்லாத கிறிஸ்தவர்கள் இலங்கையின் சனத்தொகையில் சுமார் 1.4 சதவீதம். இவ்வளவு சிறிய கூட்டத்தைச் சுற்றி இவ்வளவு பெரிய பயம் ஏன் என்று தெரியவில்லை. 2004இல் சிங்கள பௌத்தக் கட்சியான ஜாதிக ஹெல உறுமய மதமாற்றத் தடைச் சட்டமூலம் கொண்டுவந்தது; அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்றது உயர் நீதிமன்றம். 2008இல், புதிய வழிபாட்டிடம் கட்ட அமைச்சின் அனுமதி வேண்டும் என்று சுற்றுநிருபம் வந்தது. லயக்காம்பராவில் கூடிப் பாடுகிறவர்களிடம் பொலிஸும் தோட்ட நிர்வாகமும் அனுமதிப் பத்திரம் கேட்பது அதிலிருந்து வாடிக்கையாயிற்று. மறுபடியும் கடுதாசி. இந்தத் தொல்லையை எதிர்ப்பது நியாயம். ஆனால் வெளியிலிருந்து வரும் நெருக்கடியைக் காட்டி, உள்ளே நடக்கும் தவறை விசாரிக்காமல் விடுவது வேறு விஷயம்.

உள்ளே விசாரிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று காசு. 2024இல் தோட்டத் தொழிலாளியின் நாளாந்த அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயாக்கப்பட்டது. அதில் தசமபாகம் 135 ரூபாய். அரை இறாத்தல் பாணுக்கும் பிள்ளையின் பஸ் காசுக்கும் அடித்துப்பிடித்துச் சேர்க்கும் வீட்டில் அது சின்னக் காசு இல்லை. மனமுவந்து கொடுப்பவரைத் தடுக்க யாருக்கும் உரிமை கிடையாது. விதைத்தால் நூறு மடங்காக அறுப்பாய் என்று சொல்லி வாங்குவதோ வேறு கணக்கு. ஆவியின் வரத்தைக் காசு கொடுத்து வாங்கப் பார்த்த சீமோனைப் பேதுரு கடிந்துகொண்ட கதை அப்போஸ்தலர் நடபடிகளில் இருக்கிறது. விற்கிறவருக்கும் அதே கடிந்துகொள்ளுதல் பொருந்தும். அருளப்பனும் பாஸ்டர் பாலும் காசு விஷயத்தில் வைத்துப்போன அளவுகோல் நம்மிடமே இருக்கிறது. அதை எடுத்துப் பிடித்தால் இன்றைய மேடைகள் பல தேறா.

மற்றது மருந்து. யாக்கோபின் நிருபம் மூப்பரை வரவழைத்து எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்கிறது. வைத்தியரை அனுப்பிவிடச் சொல்லவில்லை. வலிப்புக்கு எடுக்கும் குளிசையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்னைவிடக் கடுமையாகத் திரும்பி உயிருக்கே ஆபத்தாகலாம். காசநோய் மருந்தைப் பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறி அடுத்த காம்பராவுக்கும் போகும். இன்சுலினை நிறுத்திய பிள்ளை சில நாட்களுக்குள் இறந்துவிடக்கூடும். ‘சுகமாயிற்று, மாத்திரை வேண்டாம்’ என்ற வாக்கு எந்த வாயிலிருந்து வந்தாலும், 14ஆம் அதிகாரம் சொல்லுகிறபடி நிதானித்துப் பார்க்க வேண்டிய வாக்கு அது.

ஆகவே மலையகப் போதகர்மாரிடம் என் வேண்டுகோள் இரண்டு. சாட்சி நேரத்தில் சுகம் கிடைக்காதவர்களுக்கும் எழுந்து பேச இடம் கொடுங்கள். அவர்கள் பேசி முடித்ததும் திருத்தாமல், பிரசங்கம் செய்யாமல், அவர்களுக்காகவும் ஸ்தோத்திரம் சொல்லுங்கள். நோயாளிக்காக ஜெபித்து முடித்த பிறகு, லிந்துலை வைத்தியசாலையின் கிளினிக் நாள் எது என்று கேட்டு, துணைக்கு ஆளில்லாதவர்களோடு சபையிலிருந்து ஒருவரை அனுப்பி வையுங்கள்.